பழைய எலெக்ட்ரிக் கிடாரை விற்கப் போகிறீர்களா? விலை, ஆவணம், அவகாசம்: ஒரு வழிகாட்டி

அமெரிக்காவில் இருக்கும் நம்மவர் பலர் வீட்டில் இப்படி ஒரு கிடார் கிடக்கிறது. படிக்க வந்த காலத்தில் அடகுக் கடையில் வாங்கியதாக இருக்கும், கராஜ் சேலில் கிடைத்ததாக இருக்கும், அல்லது திருமண உறவில் வந்த ஓர் அமெரிக்கத் தாத்தா விட்டுப்போனதாக இருக்கும். வீடு மாறும்போதோ ஊர் திரும்பும்போதோ "இதை வித்துடலாமா?" என்ற பேச்சு எழும். அந்த வார இறுதிக்குள் யாரோ ஒருவர் வந்து கையில் காசைக் கொடுத்து எடுத்துப் போய்விடுவார்.

நான் மிச்சிகனில் இருக்கிறேன். பக்கத்து வீட்டு அம்மாவின் கணவர் காலமான பிறகு, அவர் 1960-களில் வாங்கிய கிப்சன் ஈஎஸ்-335 கிடாரை விற்றுத் தரும் பொறுப்பு என்னிடம் வந்தது. எனக்கு கிடார் வாசிக்கத் தெரியும், விற்கத் தெரியாது. யாரிடம் காட்டுவது, என்ன தாள் கேட்பார்கள், எவ்வளவு பிடித்துக்கொள்வார்கள் என்று ஒவ்வொன்றாக விசாரித்துத்தான் முடித்தோம். அதை வரிசையாக இங்கே எழுதுகிறேன். சட்டமும் கட்டணமும் அமெரிக்க நிலவரப்படி.

1. முதலில் எதிலும் கை வைக்காதீர்கள்

பெட்டியைத் திறந்ததும் துடைக்கத் தோன்றும். பாலிஷ் போடத் தோன்றும். துருப்பிடித்த டியூனிங் கீகளைக் கழற்றிப் புதிதாக மாட்டினால் "நல்லா இருக்குமே" என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். வேண்டாம். பழைய கிடாருக்கு விலை கொடுப்பவர் அதன் பழமைக்குத்தான் கொடுக்கிறார். மஞ்சளேறிய வார்னிஷ், மயிரிழை வெடிப்புகள், கறுத்த நிக்கல் எல்லாம் இருந்தபடியே இருக்கட்டும். உலர்ந்த மெல்லிய துணியால் தூசியைத் தட்டினால் போதும். வீட்டில் இருக்கும் கண்ணாடி துடைக்கும் திரவம், சிலிகான் கலந்த பாலிஷ் எதுவும் பக்கத்தில் வரக்கூடாது.

பெட்டிக்குள் கிடப்பதையும் குப்பை என்று எறியாதீர்கள். பழைய தோள்வார், கசங்கிய உத்தரவாத அட்டை, கடை ரசீது, விலைச்சீட்டு, டிரெமோலோ கம்பி, கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜை மூடும் உலோக மூடி எல்லாம் காசு. ஃபெண்டர் கம்பெனியின் ஸ்ட்ராடோகாஸ்டர் மாடலில் அந்த மூடியைக் கழற்றிப் பலர் சாம்பல் தட்டும் கிண்ணமாக வைத்துக்கொண்டார்கள். அதனால்தான் இன்று அது கிடைப்பதில்லை, கிடைத்தால் நல்ல விலை. பெட்டிக்கே தனி மதிப்பு உண்டு. 1950-களின் இறுதியில் கிப்சனின் லெஸ் பால் மாடலோடு வந்த, உள்ளே இளஞ்சிவப்புத் துணி வைத்த பழுப்புப் பெட்டியை வெறும் பெட்டியாகவே ஆயிரக்கணக்கான டாலருக்கு வாங்குகிறார்கள்.

அறுந்த சின்ன பிளாஸ்டிக் துண்டு, கழன்ற திருகு எது கிடைத்தாலும் ஒரு ஜிப் கவரில் போட்டுப் பெட்டிக்குள்ளேயே வையுங்கள்.

2. வயதைக் கண்டுபிடியுங்கள்

இங்கேதான் அதிக நேரம் போகும். போகவும் வேண்டும். ஒரே மாடல், ஒரே நிறம், ஒரு வருடம் முன்னே பின்னே இருந்தால் விலை பாதியாகும் அல்லது இரட்டிக்கும்.

எல்லோரும் முதலில் சீரியல் எண்ணைத்தான் தேடுவார்கள். அதை மட்டும் நம்பினால் மாட்டிக்கொள்வீர்கள். கிப்சன் 1960-களில் ஒரே எண்களைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியது. ஹெட்ஸ்டாக்கின், அதாவது டியூனிங் கீகள் இருக்கும் தலைப்பகுதியின், பின்புறம் பதித்திருக்கும் எண்ணைப் பட்டியலில் தேடினால் இரண்டு மூன்று வருடங்கள் பொருந்தி வரும். ஃபெண்டரில் அந்தக் காலத்து எண், நெக்கை, அதாவது கழுத்தை, உடலோடு பிடித்திருக்கும் உலோகத் தகட்டில் இருக்கிறது. நாலு திருகைக் கழற்றினால் தகடு யார் கிடாருக்கு வேண்டுமானாலும் மாறிவிடும்.

ஆகவே பல சாட்சிகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

*கிப்சன் என்றால்:* 335 போன்ற கிடாரில் எஃப் வடிவத் துளைக்குள் டார்ச் அடித்தால் நீள்வட்ட லேபிளில் மாடலும் எண்ணும் தெரியும். அந்த எண்ணும் ஹெட்ஸ்டாக் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். அடுத்தது நட், அதாவது கம்பிகள் ஹெட்ஸ்டாக்குக்குள் நுழையும் இடத்தில் இருக்கும் சிறு பட்டை. அதன் அகலத்தை அளந்து பாருங்கள். 1965 நடுப்பகுதி வரை 1 11/16 அங்குலம், சுமார் 43 மி.மீ. அதன் பின் சில வருடங்கள் 1 9/16 அங்குலம், சுமார் 40 மி.மீ. மூன்று மில்லிமீட்டர்தான் வித்தியாசம். ஆனால் ஒடுங்கிய நெக்கை வாசிப்பவர்கள் விரும்புவதில்லை, விலையும் அதற்கேற்ப இறங்கும். பக்கத்து வீட்டுக் கிடாரின் எண் 1964-க்கும் பொருந்தியது, பிந்தைய வருடத்துக்கும் பொருந்தியது. என் மகள் பள்ளிக்கூட ஸ்கேலை எடுத்து வந்து நட்டின் மேல் வைத்தாள். 43. கம்பிகளின் அடிமுனையைப் பிடிக்கும் கட்டையும் உடலில் நேராகத் திருகப்பட்டிருந்தது. 1965-லிருந்து அந்த இடத்தில் சரிவக வடிவத் தொங்கல் வந்துவிட்டது. இரண்டும் ஒரே பக்கம் பேசியதால் 1964 என்று முடிவானது. ஹெட்ஸ்டாக்கின் பின்னால் "மேட் இன் யுஎஸ்ஏ" என்று பதித்திருந்தால் அது 1970 அல்லது அதற்குப் பின் வந்தது.

*ஃபெண்டர் என்றால்:* நெக்கைக் கழற்றினால் அதன் அடிப்பகுதியில் தேதி இருக்கும். 1962 வாக்கில் வரை பென்சில் எழுத்து, பிறகு ரப்பர் முத்திரை. ஸ்ட்ராடோகாஸ்டரின் ஹெட்ஸ்டாக் பெரிதாக இருந்தால் 1965 கடைசிக்குப் பின். நெக்கை நாலு திருகுக்குப் பதில் மூன்று திருகு பிடித்திருந்தால் 1971-க்குப் பின். ஃபெண்டர் கம்பெனியை 1965 ஜனவரியில் ஒலிபரப்பு நிறுவனமான சிபிஎஸ் வாங்கியது. வியாபாரிகள் வாயில் "ப்ரீ-சிபிஎஸ்" என்ற சொல் அடிக்கடி வருவது அதனால்தான். அந்தக் கோட்டுக்கு முன்னால் இருந்தால் ஒரு விலை, பின்னால் இருந்தால் வேறு விலை.

*இரண்டுக்கும் பொது:* வால்யூம், டோன் குமிழ்களுக்கு அடியில் இருக்கும் பாட்கள் எனும் மின்பாகங்களின் முதுகில் ஓர் எண் பதித்திருக்கும். உதாரணம் 137 6420. முதல் மூன்று இலக்கம் செய்த கம்பெனி (137 என்றால் சிடிஎஸ், 304 என்றால் ஸ்டாக்போல்), அடுத்த இரண்டு வருடம், கடைசி இரண்டு வாரம். 1964-ஆம் வருடம் 20-ஆவது வாரம் என்று படிக்க வேண்டும். கிடார் அதற்கு முந்தையதாக இருக்க முடியாது, பிந்தையதாக இருக்கலாம். ஃபெண்டர் 1966-இல் மொத்தமாக வாங்கிக் குவித்த பாட்களைப் பல வருடம் பயன்படுத்தியது. எனவே 1966 என்ற எண்ணைப் பார்த்ததும் துள்ள வேண்டாம்.

நெக்கைக் கழற்றுவது, பிக்கார்ட் எனும் முன்புறத் தகட்டைத் தூக்குவது எல்லாம் உங்களுக்குப் பழக்கமில்லை என்றால் ஒரு லூதியரிடம், அதாவது கிடார் பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். பழைய மரத்தில் திருகுத் துளை தேய்ந்தால் அதுவும் ஒரு குறையாகக் கணக்கில் ஏறும். அவர் திறக்கும்போது பக்கத்தில் நின்று ஒவ்வொன்றையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள், இன்னொரு முறை திறக்கும் அவசியம் வராது.

3. எது மாறியிருக்கிறது என்று பாருங்கள்

வயது தெரிந்தாகிவிட்டது. அடுத்து, தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கிறதா என்ற கேள்வி. முக்கியமான மூன்று:

பெயிண்ட். மறுபடி வண்ணம் அடித்த கிடார் பாதி விலைக்குத்தான் போகும் என்பது வியாபாரிகளின் பொதுக் கணக்கு. 1970-களில் கிடாரைச் சுரண்டி மரம் தெரிய விடுவது ஒரு நாகரிகமாக இருந்தது, அப்படிப் பாழானவை ஏராளம். சோதிக்க வழி: இருட்டறையில் புற ஊதா விளக்கு அடித்துப் பாருங்கள். அந்தக் காலத்து மேற்பூச்சான நைட்ரோ லாக்கர் மஞ்சள் பச்சையாக ஒளிரும். பிற்பாடு பூசிய இடம் கருஞ்சிவப்பாகவோ ஊதாவாகவோ திட்டாகத் தெரியும். விளக்கு பத்து இருபது டாலருக்குக் கிடைக்கிறது.

ஃபெண்டரில் விசேஷ நிறங்கள் உண்டு: ஃபியஸ்டா ரெட், லேக் பிளாசிட் ப்ளூ போன்றவை. அன்று ஐந்து சதவீதம் கூடுதலாகக் கொடுத்தால் அடித்துக் கொடுப்பார்கள். இன்று அந்த ஐந்து சதவீதம் பல மடங்காகிவிட்டது. அதனாலேயே சாதாரண சன்பர்ஸ்ட் கிடாருக்கு அந்த நிறம் பூசி ஏமாற்றுபவர்களும் இருக்கிறார்கள். உங்கள் கிடார் அப்படி ஒரு நிறத்தில் இருந்தால், நிபுணர் எழுத்துமூலம் சொல்லாமல் "ஒரிஜினல்" என்று விளம்பரத்தில் போடாதீர்கள்.

ஹெட்ஸ்டாக் முறிவு. கிப்சனின் ஹெட்ஸ்டாக் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். ஸ்டாண்டிலிருந்து விழுந்தால் அங்கேதான் முறியும். ஒட்டியது நன்றாக ஒட்டியிருந்தாலும் விலை பாதிக்கு வந்துவிடும். நட்டுக்குப் பின்னால் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்து, விரல் நகத்தால் மெல்லத் தடவிப் பாருங்கள்.

பிக்கப். கம்பியின் அதிர்வை மின்சமிக்ஞையாக்கும் பாகம் இது. 1957 முதல் கிப்சனில் வந்த ஹம்பக்கர் வகைப் பிக்கப்களின் அடியில் "காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டது" (Patent Applied For) என்ற ஸ்டிக்கர் இருக்கும். வாசிப்பவர்கள் சுருக்கமாக "பிஏஎஃப்" என்பார்கள். 1962 வாக்கில் ஸ்டிக்கரில் காப்புரிமை எண் வந்துவிடுகிறது. பிஏஎஃப் தனியாகவே ஆயிரக்கணக்கில் விலை போவதால் அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு வேறொன்றை மாட்டிய கிடார்கள் நிறைய. ஸ்டிக்கரைப் போலியாக அச்சடிப்பதும் சுலபம். ஈயப் பற்று யாரும் தொடாமல் மங்கிப்போய் இருக்கிறதா, பளபளவென்று புதிதாக இருக்கிறதா என்பதுதான் நம்பகமான சாட்சி. அதனால்தான் சொல்கிறேன், உள்ளே இருக்கும் எந்த ஒயரையும் நீங்களாகப் பிரிக்காதீர்கள்.

நெக்கின் குறுக்கே பதித்த, தேய்ந்த உலோகப் பிரெட்களை மாற்றியிருந்தால் பெரிய பாதிப்பில்லை. வாசிக்கத்தானே கிடார்.

4. ஆவணங்களைச் சேருங்கள்

கையில் இருக்க வேண்டியவை:

- வாங்கிய ரசீது. இல்லையென்றால் அந்தக் கிடாரோடு எடுத்த பழைய குடும்பப் படம், பழுதுபார்த்த பில், காப்பீட்டுத் தாள். எதுவும் தேதியோடு இருந்தால் நல்லது.
- இறந்தவருடைய கிடார் என்றால் விற்பவருக்கு உரிமை உண்டு என்று காட்டும் தாள். உயிலை நிறைவேற்ற நீதிமன்றம் கொடுக்கும் நியமனக் கடிதம், அல்லது சிறிய சொத்துக்கு மாநிலம் அனுமதிக்கும் பிரமாணப் பத்திரம். மாநிலத்துக்கு மாநிலம் வரம்பும் நாட்களும் மாறும். நல்ல கடைகளும் ஏல நிறுவனங்களும் இது இல்லாமல் பேச்சையே தொடங்கமாட்டா.
- படங்கள். ஹெட்ஸ்டாக் முன்னும் பின்னும், சீரியல் எண், லேபிள், நெக் அடி, பாட் எண்கள், பிக்கப்பின் அடிப்புறம், ஒவ்வொரு கீறலும், பெட்டியின் உள்ளும் வெளியும். பகல் வெளிச்சத்தில், ஃபில்டர் இல்லாமல்.
- எடை. குளியலறைத் தராசில் கிடாரோடு ஒருமுறை, கிடார் இல்லாமல் ஒருமுறை ஏறிக் கழித்தால் தோராயமாக வரும். லெஸ் பால் வாங்குபவர் கேட்கும் முதல் கேள்வி அதுதான். 1970-களில் வந்தவை சில 10 பவுண்டைத் தாண்டும், முதுகுவலிக்காரர்கள் ஓடிவிடுவார்கள்.

பக்கத்து வீட்டுக் கிடாரின் பெட்டிக்குள், கம்பி வைக்கும் சின்ன அறையில், நான்காக மடித்த ஒரு தாள் கிடந்தது. கடையின் தவணை அட்டை. மாதாமாதம் கட்டியதற்கு ஊதா மசியில் முத்திரை. கடைசிக் கட்டம் வரை நிரம்பியிருந்தது. வாங்கியவர் பேசிய தொகைக்கு மேல் கொஞ்சம் சேர்த்துக் கொடுத்தது இந்தத் தாளுக்காகத்தான்.

திருட்டுப் பொருள் என்ற சந்தேகம் இந்தத் தொழிலில் எப்போதும் உண்டு. கனடாவின் ராக் இசைக்கலைஞர் ராண்டி பாக்மனின் 1957 கிரெட்ச் கிடார் 1976-இல் டொராண்டோ ஓட்டல் ஒன்றில் திருடுபோய், ஜப்பானில் ஓர் இசைக்கலைஞரிடம் இருப்பது தெரிந்து, 2022-இல் டோக்கியோவில் பாக்மன் கைக்குத் திரும்பியது. மரத்தின் கோடுகளைப் பழைய வீடியோவோடு ஒப்பிட்டுத்தான் கண்டுபிடித்தார்கள். கராஜ் சேலில் வாங்கிய கிடார் என்றால் விற்றவர், தேதி, இடம் நினைவிருக்கும் வரை எழுதி வையுங்கள்.

5. விலை மூன்று: எது எது என்று தெரிந்துகொள்ளுங்கள்

"இதன் விலை என்ன?" என்று கேட்டால் மூன்று பதில் கிடைக்கும், மூன்றும் சரியாகவே இருக்கும். கடைச் சுவரில் தொங்கும்போது எழுதியிருக்கும் சில்லறை விலை ஒன்று. கடைக்காரர் உங்களிடம் வாங்கும் விலை ஒன்று, சில்லறை விலையில் பெரும்பாலும் 50 முதல் 70 சதவீதம். தொலைந்தால் திரும்ப வாங்க ஆகும் காப்பீட்டு விலை ஒன்று, மூன்றிலும் இதுதான் உச்சம். காப்பீட்டுக்கு எழுதிக் கொடுத்த மதிப்பைக் கையில் பிடித்துக்கொண்டு விற்கப் போனால் மனவருத்தம்தான் மிஞ்சும்.

இணையத்தில் பார்க்கும்போது கேட்கும் விலையை விடுங்கள், விற்று முடிந்த விலையைப் பாருங்கள். இசைக்கருவிகளுக்கான விற்பனைத் தளமான ரிவர்ப், ஈபே இரண்டிலும் விற்று முடிந்தவற்றைத் தனியே பார்க்க முடியும். அதே வருடம், அதே மாறுதல்கள் உள்ள நாலைந்தையாவது குறித்துக்கொள்ளுங்கள். 1959 லெஸ் பால் சன்பர்ஸ்ட் பல லட்சம் டாலர் என்று படித்துவிட்டு உங்கள் 1979 கிடாருக்குக் கனவு காணாதீர்கள். 1970-களின் சாதாரண ஸ்ட்ராடோகாஸ்டர் சில ஆயிரம் டாலர் வரம்பில்தான் நிற்கிறது.

அதேபோல பிங்க் ஃப்ளாய்ட் குழுவின் டேவிட் கில்மோரின் கறுப்பு ஸ்ட்ராட் (ஸ்ட்ராடோகாஸ்டர்) 2019-இல் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 39,75,000 டாலருக்குப் போனது என்பதும் நமக்கு உதவாத செய்தி. எரிக் கிளாப்டனின் "பிளாக்கி" மூன்று கிடார்களைப் பிரித்துச் சேர்த்தது. அது 2004-இல் 9,59,500 டாலர். நீங்களும் நானும் மூன்று கிடாரைப் பிரித்துச் சேர்த்தால் அதன் பெயர் உதிரிபாகம்.

எழுத்துமூல மதிப்பீடு வாங்கிவிடுங்கள். நாஷ்வில்லில் 1970 முதல் இருக்கும் க்ரூன் கிடார்ஸ் போன்ற பழம்பெரும் கடைகள் கட்டணம் வாங்கிக்கொண்டு மதிப்பிட்டுத் தருகின்றன. உங்கள் கிடாரை வாங்க ஆசைப்படாதவரிடம் மதிப்பீடு கேளுங்கள், இதுதான் ஒரே நிபந்தனை. நாங்கள் முதலில் போன கடையில் "பழசு, கீறல் இருக்கு, இப்ப மார்க்கெட் டல்" என்று சொல்லி ஒரு தொகை சொன்னார்கள், அன்றே பணம் என்றார்கள். பிறகு வேறொருவர் எழுதிக் கொடுத்த நியாய விலை அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல்.

சந்தை ஏறும், இறங்கும். 2008 நிதி நெருக்கடியோடு இந்த விலைகள் சரிந்தன, பிறகு கொரோனாக் காலத்தில் விறுவிறுவென்று ஏறின. அதன்பின் வேகம் தணிந்திருக்கிறது.

6. எங்கே விற்றால் கையில் என்ன நிற்கும்

கடைக்கு நேரடியாக: அன்றே பணம். மேலே சொன்ன 50–70 சதவீதம். தலைவலி இல்லை.

கன்சைன்மென்ட், அதாவது கடையில் வைத்து விற்றுத் தரச் சொல்வது: கடைக்கு 15 முதல் 25 சதவீதம். மூன்று மாதம், ஆறு மாதம் ஆகலாம். நாங்கள் இதைத்தான் தேர்ந்தெடுத்தோம். ஒப்பந்தத்தில் ஐந்து விஷயம் எழுத்தில் இருக்க வேண்டும்: கழிவு போக உங்களுக்கு வரவேண்டிய குறைந்தபட்சத் தொகை, எத்தனை நாள், கடையில் இருக்கும்போது தீ, திருட்டுக்கு யார் காப்பீடு, விற்ற எத்தனை நாளில் பணம், விற்கும்வரை உரிமை உங்களுடையதே என்ற வரி. முதலாவதை மட்டும் விட்டுவிட்டால், "வாடிக்கையாளர் பேரம் பேசினார்" என்று ஒரு நாள் போன் வரும்.

இணையத்தில் நீங்களே: ரிவர்பில் விற்பனைக் கட்டணமும் பணம் செலுத்தும் கட்டணமும் சேர்ந்து ஏறத்தாழ 8 சதவீதம். அனுப்பும் செலவு தனி. அதிகத் தொகை கையில் நிற்பது இதில்தான், அதிகக் கேள்விகளும் திருப்பி அனுப்பும் தொல்லையும் இதில்தான்.

ஏலம்: அரிய பொருளுக்கு மட்டும். அட்டவணையில் ஏறவே சில மாதம். வாங்குபவரிடமும் கமிஷன் பிடிப்பார்கள், அவர் அதை மனதில் கழித்துக்கொண்டுதான் கேட்பார்.

நான்கு வழிக்கும் ஒரு தாளில் நிகரத் தொகையை எழுதுங்கள். அடுத்த படிக்கு அந்த எண் வேண்டும்.

7. இப்போது கேளுங்கள்: விற்கத்தான் வேண்டுமா?

இந்தக் கேள்வியைப் பலர் முதலிலேயே கேட்டு, விலை தெரியாமலே பதிலும் சொல்லிவிடுகிறார்கள். கையில் நிற்கும் தொகை தெரிந்த பிறகு கேட்டால்தான் அர்த்தம்.

என் நண்பன் ஒருவன் சென்னை திரும்பும் அவசரத்தில் தன் 1970-களின் டெலிகாஸ்டரைக் கொடுத்துவிட்டுப் போனான். வந்த பணம் விமானச் சரக்குக் கூலிக்குப் போனது. இன்றும் வாட்ஸாப்பில் அதே மாடல் விற்பனைக்கு வந்தால் எனக்கு அனுப்புவான், கீழே ஒன்றும் எழுதமாட்டான். விலை ஏறிவிட்டது என்ற கவலை அவனுக்கு அவ்வளவாக இல்லை. அந்த நெக் அவன் கைக்குப் பழகியது, வேறொன்று அப்படி இல்லை, அவ்வளவுதான். ஃப்ளீட்வுட் மேக் குழுவின் பீட்டர் கிரீன் தன் 1959 லெஸ் பாலை 1970-களின் தொடக்கத்தில் இளைஞராக இருந்த கிடார் கலைஞர் கேரி மூருக்குக் கொடுத்தார். மூர் தன் எஸ்ஜி-யை விற்று வந்த பணத்தைத்தான் கொடுத்தார். பல வருடம் வாசித்துவிட்டு 2006-இல் பணமுடையில் மூரும் அதை விற்றார். இன்று அது மெட்டாலிகாவின் கிர்க் ஹாமெட்டிடம். நல்ல கிடார் கைமாறும் ஒவ்வொரு இடத்திலும் ஒருவர் பின்னால் திரும்பிப் பார்ப்பார் போலிருக்கிறது.

என் கருத்து: அந்தப் பணத்துக்குக் குறிப்பான, தள்ளிப்போட முடியாத தேவை இருந்தால் விற்கலாம். கல்லூரிக் கட்டணம், மருத்துவச் செலவு, கடன். "சும்மா கிடக்குதே" என்பது காரணமே இல்லை, கிடார் சோறு கேட்பதில்லை. "இன்னும் ஏறும்" என்று மட்டும் வைத்திருப்பதும் எனக்கு உடன்பாடில்லை. காப்பீடு, ஈரப்பதம் 45–55 சதவீதத்தில் வைக்கும் செலவு, பழுது எல்லாம் கழித்தால் பல கிடார்கள் வங்கி வட்டியோடு போட்டிபோடத் திணறும்.

முடிவு செய்ய முடியவில்லையா? ஒரு மாதம் தள்ளிவையுங்கள். அந்த மாதத்தில் புதுக் கம்பி மாட்டி வாசியுங்கள், வீட்டில் வேறு யாராவது வாசிக்கிறார்களா பாருங்கள். பக்கத்து வீட்டு அம்மா பேரன்கள் எல்லோருக்கும் போன் போட்டுக் கேட்டார். ஒருவனுக்கும் வேண்டாம் என்று தெளிவான பிறகுதான் கையெழுத்துப் போட்டார். பிற்பாடு அவர் அதைப் பற்றி வருந்திப் பேசி நான் கேட்டதில்லை. விற்கும்போதும் ஒரு வரி சேர்க்கலாம்: "மறுபடி விற்பதானால் முதலில் எனக்குத் தெரிவிக்கவும்." சட்டத்தின் பலம் பெரிதாக இல்லாவிட்டாலும் பலர் மதிக்கிறார்கள். வாங்கியவரின் முகவரியை வைத்திருங்கள்.

8. பணம் வாங்கும்போது

வங்கிக் காசோலையைப் பார்த்ததும் கிடாரைக் கொடுக்காதீர்கள். கேஷியர்ஸ் செக் போலியாக வரும். உங்கள் கணக்கில் பணம் ஏறியதுபோல் காட்டிவிட்டு ஒன்றிரண்டு வாரம் கழித்துத் திரும்பிப் போகும். வாங்குபவரோடு அவருடைய வங்கிக் கிளைக்கே போய், காசாளர் உங்கள் கண்முன்னால் அச்சடித்துக் கொடுத்தால் சரி. பெரிய தொகைக்கு வயர் டிரான்ஸ்ஃபர், அதுவும் உங்கள் வங்கி "பணம் வந்துவிட்டது" என்று உறுதிசெய்த பிறகு. பேசியதற்கு மேல் அனுப்பிவிட்டு மிச்சத்தைத் திருப்பிக் கேட்பவர் நூற்றுக்கு நூறு மோசடிக்காரர்.

விற்பனைச் சீட்டு இரண்டு பிரதி: தேதி, தொகை, சீரியல் எண், உங்களுக்குத் தெரிந்த எல்லா மாறுதல்களும், இருவர் கையெழுத்தும். மறைக்காமல் எழுதினால் பிறகு யாரும் திரும்பி வந்து சண்டை போட முடியாது.

9. அனுப்புவதானால்

கம்பிகளைத் தளர்த்துங்கள், கழற்ற வேண்டாம். ஹெட்ஸ்டாக்குக்கு அடியிலும் பக்கத்திலும் ஆடாதபடி காகிதம் வைத்து அடைத்து, பெட்டியை இன்னொரு அட்டைப் பெட்டிக்குள் வையுங்கள். சில கூரியர் நிறுவனங்கள் 20 வருடத்துக்கு மேல் பழைய இசைக்கருவிக்கு மிகக் குறைந்த இழப்பீட்டு வரம்பு வைத்திருக்கின்றன. நீங்கள் எவ்வளவு மதிப்பு எழுதினாலும் அதற்குமேல் தரமாட்டார்கள். விதிமுறையைப் படித்து, தேவையானால் தனிக் காப்பீடு எடுங்கள். மிச்சிகன் ஜனவரியில் அனுப்பாதீர்கள். குளிரில் உறைந்த லாக்கர் சட்டென்று சூடான அறையில் திறந்தால் கண்முன்னே விரிசல் விடும். வாங்குபவரிடம் ஒரு நாள் பெட்டியைத் திறக்காமல் வீட்டுக்குள் வைக்கச் சொல்லுங்கள்.

10. ஊருக்கு எடுத்துப்போக நினைத்தால்

இதுபற்றி நம்மவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. 1960-களின் நடுப்பகுதி வரை வந்த பல ஃபெண்டர், கிப்சன் கிடார்களின் விரற்பலகை பிரேசில் ரோஸ்வுட். அந்த மரம் 1992 முதல், அழியும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. 2019-இல் மற்ற ரோஸ்வுட் இசைக்கருவிகளுக்குக் கிடைத்த தளர்வு இதற்கு இல்லை. அமெரிக்காவுக்குள் வைத்திருக்கத் தடையில்லை. எல்லை தாண்ட அமெரிக்க மீன் மற்றும் வனவிலங்குத் துறையிடம் 3-200-88 படிவத்தில் விண்ணப்பித்துச் சான்று வாங்க வேண்டும். மாதக்கணக்கில் ஆகும். பயணச்சீட்டு எடுத்த பிறகு தொடங்கினால் கிடார் இங்கேயே நிற்கும். வெளிநாட்டில் இருப்பவருக்கு விற்றாலும் இதே சிக்கல்தான்.

1960-களின் பிற்பகுதியிலிருந்து பிரேசில் மரத்துக்குப் பதில் வந்தது பெரும்பாலும் இந்திய ரோஸ்வுட், நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரம். அது என்றால் முடித்த கருவிக்கு இந்தச் சான்று தேவைப்படாது. எந்த மரம் என்று லூதியரிடம் எழுதி வாங்கிப் பெட்டியில் வையுங்கள்.

11. வரி

உங்களுக்கு வந்த பணத்தை வரித் துறைக்குத் தெரிவிக்கும் 1099-கே படிவத்தை இணையதளம் அனுப்பினாலும் அனுப்பாவிட்டாலும் லாபத்துக்கு வரி உண்டு. ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால், சேகரிப்புப் பொருளாகக் கருதப்பட்டால் கூட்டரசு வரி உச்சபட்சம் 28 சதவீதம். மாநில வரி தனி. நீங்கள் வாசிக்க வைத்திருந்த கிடாரை நட்டத்தில் விற்றால் அந்த நட்டத்தைக் கழிக்க முடியாது.

லாபத்தை எதிலிருந்து கணக்கிடுவது என்பதில்தான் பணம் இருக்கிறது. நீங்களே வாங்கியது என்றால் வாங்கிய விலை. உயிரோடு இருக்கும்போது ஒருவர் அன்பளிப்பாகக் கொடுத்தது என்றால் அவர் வாங்கிய விலை. இறந்தவரிடமிருந்து வந்தது என்றால் அவர் இறந்த தேதியின் சந்தை மதிப்பு. பக்கத்து வீட்டு அம்மாவுக்கு இந்தக் கடைசி விதிதான் பெரிய ஆறுதல், கட்ட வேண்டிய வரி மிகக் குறைவாகவே வந்தது. அதற்கு ஆதாரமாகக் காட்டியது 5-ஆவது படியில் வாங்கிய மதிப்பீட்டுக் கடிதத்தை. ஆகவே மதிப்பீட்டாளரிடம் இறந்த தேதியைச் சொல்லி, "அந்தத் தேதியில் நியாயமான சந்தை மதிப்பு" என்றே எழுதச் சொல்லுங்கள். பிற்பாடு போய்த் திருத்தி வாங்குவது இரட்டைக் கட்டணம்.

மதிப்பீட்டுக் கடிதம், விற்பனைச் சீட்டு, கடை பிடித்த கழிவின் ரசீது, கூரியர் ரசீது நான்கையும் அந்த வருட வரிக் கணக்கோடு சேர்த்துக் குறைந்தது மூன்று வருடம் வைத்திருங்கள். கழிவும் அனுப்பும் செலவும் லாபத்திலிருந்து கழியும், அதைக் கேட்க மறந்துவிடாதீர்கள்.